கண்ட கனவும் கடந்த வழியும்: யுவான் சுவாங் பிக்குவின் சரித்திரம்

மாந்தர் அனைவரும் கனவு காண்கின்றனர். பகலெல்லாம் உழைத்து இரவிற் பாயிற் சாய்ந்த ஏழையும் காண்கிறான்; பஞ்சணையிற் படுத்த செல்வனும் காண்கிறான். தம் மக்கள் கல்வி பெற வேண்டும், தம் ஊரில் ஒரு விகாரை எழ வேண்டும், தாம் ஒரு தரும நூலையேனும் பழுதறக் கற்க வேண்டும் என்று விழித்திருக்கும்போதே கனவு காண்போரும் நம்மிடையே பலர். எனினும் கோழி கூவியதும் அக்கனவு என்னாகின்றது? முகங்கழுவிய நீரோடு அதுவும் வழிந்தோடி விடுகின்றது. அடுத்த பௌர்ணமியில் மீண்டும் சங்கத்திற் கூடுகின்றோம்; மீண்டும் அதே கனவைப் பேசிக் கலைகின்றோம்.

பகவான் புத்தர் ஆசையை அறுக்குமாறு போதித்திருக்க, பௌத்தன் கனவு காண்பதும் அதை நாடுவதும் முறையாகுமோ என்று நம்மை வினவிய அன்பர் சிலர் உண்டு. இவ்வினாவிற்கு விடை கூறிவிட்டே மேற்செல்ல வேண்டும். பகவர் விலக்கியது வேட்கையை. பாலி மொழியில் அதனைத் தண்ஹா என்பர். தனக்கென்று பற்றிக்கொள்ளும் தாகம் அது. எவ்வளவு கிடைப்பினும் ஆறாதது. நற்செயல் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும் என்று உள்ளத்தெழும் விருப்பமோ சந்தம் எனப்படும். சித்தி பெறுதற்குரிய இத்திபாதங்கள் நான்கினுள் முதற்கண் வைக்கப்பட்டது இச்சந்தமே. வீரியம், சித்தம், வீமம்சை என்பன அதன் பின்னரே வருகின்றன. விருப்பம், முயற்சி, மனவூன்றல், ஆராய்ச்சி என இந்நான்கினையும் தமிழிற் கூறலாம். முதற்படி விருப்பம்தான், ஆயின் முதற்படியிலேயே அமர்ந்துவிட்டவன் மாடி ஏறியவன் ஆகான்.

இந்நான்கு படிகளையும் ஏறிய ஒருவருடைய வாழ்க்கையை இங்குக் கூறப் புகுந்தோம். அவர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் சீன தேசத்திற் பிறந்து, நம் பாரத நாட்டிற்கு நடந்தே வந்து, கற்க வேண்டியதைக் கற்று, கொண்டு செல்ல வேண்டியதைக் கொண்டு சென்ற யுவான் சுவாங் பிக்கு ஆவார். பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஹர்ஷரின் பெயரோடு சேர்த்து இவர் பெயரைப் பயின்றோர் பலர். அவர் கனவு கண்டு கிளம்பினார் என்பதனையும், கண்ட கனவிற்கு அவர் கொடுத்த விலை யாதென்பதனையும் அறிந்தோர் சிலரே.

இளமையும் ஐயமும்

லோயாங் என்னும் பெருநகரின் அருகே, சென் என்னும் குடியில், ஏறத்தாழ 600-ஆம் ஆண்டளவில் இவர் தோன்றினார். தந்தையார் அரசுப் பணியைத் துறந்து நூலாராய்ச்சியில் நாள் கழித்தவர். மைந்தர் நால்வருள் இவரே கடைக்குட்டி. தமையனார் ஒருவர் லோயாங்கில் பிக்குவாக இருந்தார். அவரே தம்பியை விகாரைக்கு அழைத்துச் சென்று நூல்களைக் கற்பித்தார். பதின்மூன்றாம் வயதில் சாமணேரர் ஆவதற்குத் தேர்வு நடந்தது. வயது போதாமையால் இவருக்கு இடமில்லை. வாயிலருகே நின்றுகொண்டிருந்த சிறுவனைத் தேர்வதிகாரி கண்டு, துறவை நாடுவது ஏன் என்று கேட்டார். ததாகதரின் மரபைத் தொடர்ந்து அவர் தருமத்தை விளங்கச் செய்யவே என்று சிறுவன் கூறிய விடை அதிகாரியின் உள்ளத்தைத் தொட்டது. விதியைத் தளர்த்தி இவரை ஏற்றுக்கொண்டனர்.

618-இல் சூயி அரச மரபு வீழ்ந்தது. நாடெங்கும் கலகமும் பஞ்சமும் பரவின. சகோதரர் இருவரும் தெற்கே செங்டு நகருக்குச் சென்றனர். அங்கே 622-இல் யுவான் சுவாங் உபசம்பதை பெற்றார். பின்னர்த் தலைநகராகிய சாங்கானுக்கு வந்து, புகழ்பெற்ற ஆசிரியர் பலரிடம் பாடங் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய ஐயம் பெருகிற்று. ஓராசிரியர் சொன்னதை மற்றோராசிரியர் மறுத்தார். மூலநூல் ஒன்றாயிருக்க, மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரணின. யோகாசார பூமி என்னும் பெருநூலின் முழு வடிவத்தைக் கண்டாலன்றித் தம் ஐயம் தீராது என்பதனை அவர் உணர்ந்தார். அந்நூலோ பாரத நாட்டில் இருந்தது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன், 399-இல், பாஹியான் என்னும் சீனப் பிக்கு இதே போன்றதொரு குறைக்காகப் பாரதம் வந்து மீண்டிருந்தார். ஒரு மனிதர் செய்ததை மற்றொரு மனிதர் செய்தல் கூடும் என்ற எண்ணம் இளம் பிக்குவின் உள்ளத்தில் வேரூன்றிற்று. முன்னோர் வரலாற்றைக் கேட்பதன் பயன் இதுவே.

மேருமலைக் கனவு

அவரும் தோழர் சிலரும் அரசருக்கு விண்ணப்பம் அனுப்பினர். எல்லைப்புறம் அமைதியற்றிருந்தமையால் குடிகள் மேற்கே செல்லுதல் தடுக்கப்பட்டிருந்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. தோழர் பின்வாங்கினர், இவர் ஒருவரே நின்றார். நின்றவர் என்ன செய்தார் என்பதனை நாம் ஊன்றி நோக்க வேண்டும். வழியில் நேரக்கூடிய துன்பங்களை ஒவ்வொன்றாகத் தம்மீது ஏற்றி, தம் மனம் தாங்குமா, தளருமா என்று முன்னதாகவே சோதித்துப் பார்த்தார். தாங்கும் என்று கண்ட பின்னரே அறிகுறி வேண்டிப் பிரார்த்தனை செய்தார்.

அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. அவருடைய சீடர் ஹுய்லி எழுதிய சரிதம் அவ்விரவைப் பின்வருமாறு விவரிக்கின்றது. பெருங்கடலின் நடுவே பொன்னும் மணியுமாக மேருமலை ஒளிர்ந்தது. ஏற விழைந்த அவருக்குப் படகும் இல்லை, தெப்பமும் இல்லை. அஞ்சாது அலையில் காலை வைத்தார். வைத்த அடியின் கீழே கல்லாலாகிய தாமரை ஒன்று எழுந்து தாங்கிற்று. அடி பெயர்ந்ததும் மறைந்தது. அடுத்த அடிக்கு அடுத்த தாமரை. மலையடியை அடைந்தபோது சரிவு செங்குத்தாயிருந்தது. துள்ளி ஏற முயன்றார். சுழற்காற்று அவரைத் தூக்கிச் சிகரத்திற் சேர்த்தது. நாற்றிசையும் தடையின்றித் தெரிந்தன. மகிழ்ச்சியுடன் விழித்தெழுந்தவர் பயணத்தைத் தொடங்கினார். ஆண்டு 629 என்பது அச்சரிதக் கணக்கு.

இக்கனவில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. தாமரைகள் வரிசையாக முன்னரே பூத்து அவருக்காகக் காத்திருக்கவில்லை. கால் வைத்த பின்னரே பூத்தன. வழி முழுவதும் கண்ணுக்குத் தெரிந்த பின் புறப்படுவேன் என்பவன் கரையிலேயே நின்று மூப்படைவான். தெரியாத அடியை வைக்கத் துணிவு தருவதே சிரத்தை.

மணற்கடல்

அரசாணைக்கு மாறான பயணமாதலின் மறைந்தே செல்ல நேர்ந்தது. லியாங்சௌ நகரின் ஆளுநர் திரும்பிப் போகுமாறு கட்டளையிட்டார். அவ்வூர்ப் பிக்கு ஒருவர் தம் சீடர் இருவரைத் துணைக்குக் கொடுத்து இரகசியமாக அனுப்பி வைத்தார். பகலிற் பதுங்கி இரவில் நடந்து குவாசௌவை அடைந்தனர். அங்கே குதிரை இறந்தது. துணை வந்தவருள் ஒருவர் பிரிந்து போனார். மற்றவர் வழித்துன்பம் தாங்கமாட்டார் என்று கண்டு அவரையும் திருப்பி அனுப்பினார். அதற்குள் அவரைப் பிடிக்குமாறு ஓலை வந்துவிட்டது. அவ்வூர் அதிகாரி லீ சாங் என்பவர் புத்த பக்தர். ஓலையைப் பிக்குவிடம் காட்டி உண்மையைக் கேட்டறிந்து, அவர் கண்ணெதிரே அதைக் கிழித்தெறிந்து, விரைந்து போகுமாறு வேண்டினார்.

வழிகாட்ட வந்தவன் பஞ்சசீலம் ஏற்றவன். எனினும் அச்சம் அவனை வென்றது. நள்ளிரவில் கத்தியை உருவிக்கொண்டு பிக்குவை நோக்கிச் சில அடி வந்தான். பின்பு திரும்பிச் சென்று படுத்தான். பிக்கு எழுந்தமர்ந்து தியானத்தில் இருந்தார். விடிந்ததும் தனக்குக் குடும்பம் உண்டு, சட்டத்தை மீற இயலாது என்றான். அவன்மேற் சினங் கொள்ளாது, தாம் பிடிபட்டாலும் அவன் பெயரைக் கூறுவதில்லை என்று வாக்களித்து விடை கொடுத்தார். இனி அவருக்குத் துணை, பாலைவழி பழகிய மெலிந்த கிழக்குதிரை ஒன்றே. மணலிற் கிடந்த எலும்புகளும் ஒட்டகச் சாணமுமே வழிக்கு அடையாளம்.

எல்லையில் ஐந்து காவற்கோபுரங்கள் இருந்தன. அவற்றின் அருகில்தான் தண்ணீர். முதற் கோபுரத்தில் இரவில் நீர் முகக்கும்போது அம்பொன்று முழங்காலை உரசுவது போற் பறந்து சென்றது. தாம் பிக்கு என்று குரல் கொடுத்து வெளிப்பட்டார். காவற்றலைவர் அவரைத் தடுக்க முயன்று, உறுதியைக் கண்டு மனமிளகி, உணவும் நீரும் அளித்தார். நான்காம் கோபுரத்துத் தலைவரும் பெரிய தோற்பையில் நீர் கொடுத்து, ஐந்தாம் கோபுரத்தைத் தவிர்த்துச் செல்லும் வழியைச் சொன்னார்.

அதற்கப்பால் எண்ணூறு லி, அதாவது ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் நீண்ட மணற்காடு. மேலே பறவையில்லை, கீழே விலங்கில்லை, நீரில்லை, புல்லில்லை. வழி தவறினார். சொல்லப்பட்ட ஊற்று அகப்படவில்லை. தண்ணீர் குடிக்க எடுத்த தோற்பை கைநழுவி விழுந்தது. நெடும் பயணத்திற்குரிய நீர் முழுவதும் ஒரு நொடியில் மணலுக்குள் மறைந்தது.

திரும்பினார். நான்காம் கோபுரத்தை நோக்கிக் கிழக்கே பத்து லி தூரத்திற்கு மேல் நடந்தார். இதனை அவருடைய சீடர் மறைக்காமல் எழுதி வைத்தமைக்கு நாம் நன்றி கூற வேண்டும். பெரியோர் தளர்ந்ததே இல்லை என்று எழுதப்பட்டிருந்தால், தளர்கின்ற நாம் அவரைப் பின்பற்ற எண்ணவும் துணியோம். நடக்கும்போதே தம் விரதம் நினைவிற்கு வந்தது. பாரதம் சேராமற் கிழக்கே ஓரடியும் வைப்பதில்லை என்பது அவ்விரதம். கிழக்கே திரும்பி வாழ்தலினும் மேற்கே சென்று மாய்தல் மேல் என்று தெளிந்து, அவலோகிதேசுவரரை நினைந்து, குதிரையை மீண்டும் வடமேற்கே திருப்பினார்.

நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரும் தொண்டையை நனைக்கவில்லை. மணலில் விழுந்து கிடந்தார். அந்நிலையிலும் தாம் பொருளுக்கோ புகழுக்கோ வரவில்லை, தருமத்தைத் தேடியே வந்தோம் என்று மனத்தால் வேண்டிக்கொண்டிருந்தார். ஐந்தாம் இரவு குளிர்ந்த காற்று வீசிற்று. சற்றே கண்ணயர்ந்தார். கனவில் நெடிய உருவம் ஒன்று ஈட்டியேந்தி நின்று, நடவாமற் படுத்துக் கிடப்பது ஏன் என்று அதட்டிற்று. உடனே எழுந்தார். பத்து லி சென்றதும் குதிரை திடீரென வேறு திசையில் திரும்பி, இழுத்தும் நில்லாமல் ஓடிற்று. அங்கே பசும்புல்லும் தெளிந்த குளமும் இருந்தன.

அவலோகிதேசுவரரின் அருள் என்பார் அன்பர். பாலை பழகிய குதிரையின் மோப்பம் என்பார் ஆராய்ச்சியாளர். இரு சாராரும் மறுக்க முடியாதது ஒன்று: கனவு கண்டவர் எழுந்து நடந்தார். எழாதிருந்தால் குளம் குளமாகவே இருந்திருக்கும். அவர் அதனை அடைந்திருக்கமாட்டார்.

அன்பென்னும் தளை

பகையினும் கடிய தடை அன்பினால் வந்தது. பாலையைக் கடந்தபின் தூர்பான் பகுதியில் காவோசாங் என்னும் சிற்றரசு இருந்தது. அதன் மன்னர் இவருடைய புலமையைக் கண்டு வியந்து, தம் நாட்டிலேயே இராசகுருவாகத் தங்கிவிடுமாறு வேண்டினார். மறுத்தபோது, சீனத்திற்கே திருப்பி அனுப்பி விடுவதாக அச்சுறுத்தினார். பிக்கு வாதிடவில்லை, உண்ணாமல் அமர்ந்தார். மூன்று நாள் நீரும் பருகவில்லை. நான்காம் நாள் அவர் மூச்சு மெலிந்ததைக் கண்ட மன்னர் வெட்கி, அடிபணிந்து விடை கொடுத்தார். திரும்பி வரும்போது மூன்றாண்டுகள் தங்குவதாக வாக்குப் பெற்றுக்கொண்டு, முப்பது குதிரைகளும், இருபத்தைந்து ஆட்களும், பொன்னும் வெள்ளியும், வழியிலுள்ள அரசர்க்கு இருபத்து நான்கு திருமுகங்களும் அளித்தார்.

பனிமலை கடக்க ஏழு நாட்களாயின. உடன் வந்தோரில் பத்துக்கு மூவர் நால்வர் குளிராலும் பசியாலும் மாண்டனர். சாமர்கண்டு, பால்க், இரு பெரும் புத்தர் சிலைகள் நின்ற பாமியான் (அச்சிலைகள் 2001-இல் தகர்க்கப்பட்டன), காந்தாரம், காஷ்மீரம் என்று பாதை நீண்டது. காஷ்மீரத்தில் இரண்டாண்டுகள் தங்கிக் கற்றார். கங்கையிற் படகில் வரும்போது கொள்ளையர் பிடித்துத் துர்க்கைக்குப் பலியிட ஆயத்தம் செய்தனர், மைத்திரேயரைத் தியானித்து அசையாதிருந்தார், புயல் எழுந்தது, கொள்ளையர் அஞ்சி அடிபணிந்தனர். இறுதியிற் புத்தகயை அடைந்தார். போதி மரத்தின் முன் விழுந்து, பகவர் ஞானம் பெற்ற காலத்திற் பிறவாமல் இக்கடைக்காலத்திற் பிறந்தோமே என்று கண்ணீர் பெருக்கினார்.

நாலந்தையில்

நாலந்தை மகாவிகாரையின் தலைவர் சீலபத்திரர். நூறு வயதைக் கடந்தவர் என்று சரிதம் கூறுகின்றது. யுவான் சுவாங் அவர் முன் முழங்காலால் நடந்து சென்று வணங்கி, யோகாசார பூமியைக் கற்க வந்ததாகக் கூறினார். கேட்டதும் முதியவர் கண் கலங்கினார். தம் மருகராகிய முதிய பிக்குவை அழைத்து, முன் நடந்ததைக் கூறச் செய்தார். சீலபத்திரர் நெடுங்காலமாகக் கொடிய நோயால் வருந்தினார். மூன்றாண்டுகளுக்கு முன் வலி மிகுந்தபோது, உணவை விடுத்து உயிர் துறக்க எண்ணினார். அவ்விரவு அவர் கனவில் மூவர் தோன்றி, உடலை மாய்ப்பதால் வினை தீராது என்றும், சீன தேசத்துப் பிக்கு ஒருவர் கற்க வந்துகொண்டிருக்கிறார், அவருக்குக் கற்பித்தற்காகக் காத்திருக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினர். வழியில் எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்று கேட்க, மூன்று என்றார் யுவான் சுவாங்.

கற்பவனுடைய கனவை நாம் அறிவோம். கற்பிப்பவருக்கும் ஒரு கனவு உண்டு என்பதனை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. ஒருவர் மணலில் நடந்துகொண்டிருந்தபோது, மற்றொருவர் நோயைப் பொறுத்துக்கொண்டு காத்திருந்தார். இருவரும் தத்தம் பங்கைச் செய்தமையால் தருமம் கைம்மாறிற்று. பாரமேற்கும் இளைஞர் இல்லையென்று வருந்தும் முதியோரும், சொல்லித் தருவாரில்லையென்று வருந்தும் இளைஞரும் நம் சங்கங்களில் உளர். அவர்கள் இதனைச் சிந்திப்பாராக.

சீலபத்திரர் பதினைந்து மாதங்கள் அந்நூலை விரித்துரைத்தார். யுவான் சுவாங் அதனை மும்முறை பாடங் கேட்டார். இலக்கணமும் தருக்கமும் பயின்றார். ஐந்தாண்டுகள் அங்கே கழிந்தன.

காஞ்சியும் திரும்புதலும்

பின்னர் அவர் தென்னாடு நோக்கினார். 640-ஆம் ஆண்டை ஒட்டித் திராவிட நாட்டின் தலைநகராகிய காஞ்சிபுரத்தை அடைந்தார். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்ததாகக் குறித்துள்ளார். இலங்கைக்குச் செல்லும் எண்ணம் இருந்தது. ஆயின் மன்னர் இறந்து பஞ்சம் சூழ்ந்தமையால் அத்தீவிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட பிக்குகள் வந்திறங்கக் கண்டு, அவ்வெண்ணத்தை விடுத்தார். காஞ்சியைப் பற்றி அவர் குறித்த மற்றொரு செய்தி நம் நெஞ்சை நிமிர்த்துவது. நாலந்தையின் தலைவராயிருந்த தருமபாலர் இந்நகரத்து அமைச்சர் ஒருவரின் மைந்தர். அரசகுமாரியை மணக்க வேண்டிய இரவில் துறவை நாடி வெளியேறியவர். அத்தருமபாலரின் மாணாக்கரே சீலபத்திரர். ஆகவே யுவான் சுவாங் பல்லாயிரம் மைல் நடந்து கற்ற கல்வியின் ஊற்றுக்கண் நம் காஞ்சியிலே இருந்தது.

நாலந்தைக்கு மீண்டு, தாயகம் திரும்ப எண்ணியபோது, பிக்குகள் தடுத்தனர். பகவர் பிறந்த நாட்டை விட்டு எல்லைக்கப்பாற்பட்ட நாட்டிற்குப் போவானேன் என்றனர். தருமம் பரவுதற்கே உரியது. தாம் மட்டும் சுவைத்து, இன்னும் அறியாதாரை மறந்திருத்தல் தகாது என்பதே அவர் விடை. சீலபத்திரர் அதனை ஏற்றார். சந்தத்திற்கும் தண்ஹாவிற்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்திற் கண்ணாடி போல் விளங்குகின்றது. தமக்காகக் கற்றவராயின் நாலந்தையே அவருக்குப் போதும்.

கன்னோசியில் மாமன்னர் ஹர்ஷர் கூட்டிய பேரவையில் பதினெட்டு நாட்கள் அவருடைய கொள்கையை மறுப்பார் எவரும் எழவில்லை. குவித்த பொன்னை ஏற்க மறுத்து, 643-இல் பிரயாகையிலிருந்து புறப்பட்டார். சிந்து நதியைக் கடக்கும்போது புயலில் ஐம்பது சுவடிக்கட்டுகள் நீரிற் போயின. ஏறத்தாழ ஐம்பது நாட்கள் அப்பகுதியில் தங்கி, இழந்தவற்றுட் சிலவற்றைப் படியெடுக்கச் செய்தார். காவோசாங் மன்னர் அதற்குள் இறந்துவிட்டார். 640-இல் அந்நாட்டைச் சீனப் படை கைப்பற்றியது. கொடுத்த வாக்கை நிறைவேற்ற இடமில்லாமற் போயிற்று. பாமீர் மலையையும் கோட்டானையும் கடந்து, 645-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சாங்கான் சேர்ந்தார். மறைந்து வெளியேறியவரைக் காணத் தெருவெங்கும் மக்கள் திரண்டனர். இருபது குதிரைகள் 657 நூல்களைச் சுமந்து வந்தன.

பத்தொன்பது ஆண்டு உழைப்பு

யாத்திரிகர் என்றே உலகம் அவரைப் போற்றுகின்றது. கதையும் இங்கே முடிந்ததாகப் பலர் எண்ணுவர். நம் கருத்தில் அவருடைய பெருமையின் பெரும்பகுதி இதன் பின்னரே தொடங்குகின்றது. வழியிலும் பாரதத்திலும் கழிந்தவை ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள். ஓரிடத்தில் அமர்ந்து மொழிபெயர்த்தவை பத்தொன்பது ஆண்டுகள். புலியும் புயலும் இல்லாத உழைப்பு இது. வேடிக்கை பார்ப்பாரும் இல்லை.

பேரரசர் தைசோங் துறவைக் களைந்து அமைச்சராகுமாறு கேட்டார். பணிவுடன் மறுத்தார். நாள்தோறும் இவ்வளவு என்று அளவு வகுத்துக்கொண்டார். பகலில் இடையூறு நேர்ந்து அளவு குறைந்தால், இரவில் அமர்ந்து அதை நிறைத்த பின்னரே எழுதுகோலை வைத்தார். மூன்றாம் சாமத்திற் படுத்து ஐந்தாம் சாமத்தில் எழுவார். எழுந்ததும் அன்று மொழிபெயர்க்க வேண்டிய பகுதியைச் செந்நிறத்தாற் குறியிடுவார்.

பஞ்சாலையில் பல்லாண்டு நூற்பெந்திரத்தின் அருகே நின்று பழகியவர் நாம். இவ்வொழுக்கத்தின் அருமை நமக்கு நன்கு விளங்கும். அறுந்த இழையை அப்போதே முடிந்துவிட வேண்டும். பிறகு முடியலாம் என்று விட்டால், சங்கு ஊதுவதற்குள் பத்து இழை நூறாகிவிடும். ஒரு நாட்குறையை அந்நாளிலேயே தீர்த்தல் சிறு செயலாகத் தோன்றும். ஆயிரம் நாட்கள் அவ்வாறு செய்து பார்த்தாலன்றி அதன் கடுமை தெரியாது.

646-இல் தாம் கண்ட நாடுகளின் வரலாறு நூலாயிற்று. 648-இல் யோகாசார பூமி நூறு பகுதிகளாகச் சீனத்தில் நிறைவெய்தியது. இருபதாம் வயதில் எழுந்த ஐயத்திற்கு நாற்பத்தெட்டாம் வயதை ஒட்டி விடை கிடைத்தது. 652-இல் சுவடிகளைக் காக்கச் செங்கற் கோபுரம் எழுந்தபோது, தாமே கூடையிற் செங்கலும் கல்லும் சுமந்தார். அக்கோபுரம் திருத்தங்களுடன் இன்றும் நிற்கின்றது. 654-இல் நாலந்தையின் ஞானப்பிரபருக்கு மடல் எழுதி, சீலபத்திரர் மறைந்த துயரத்தைத் தெரிவித்து, சிந்து நதியில் மூழ்கிய நூல்களின் பட்டியலையும் சேர்த்து, அவற்றை அனுப்பி உதவுமாறு வேண்டினார். இழந்து பத்தாண்டுகள் ஆகியும் அவர் அவற்றை மறக்கவில்லை.

முதுமையில் மகா பிரஞ்ஞா பாரமிதையை எடுத்தார். மூலம் இரண்டு இலட்சம் சுலோக அளவினது. சுருக்கிப் பெயர்த்தால் நலம் என்று சீடர் வேண்ட, அவரும் இசைய எண்ணினார். அன்றிரவு அச்சந்தரும் கனவுகள் வந்தன. விழித்தெழுந்து, ஒரு சொல்லையும் விடாமற் பெயர்ப்பதென்று முடிவு செய்தார். 660-இல் தொடங்கி 663-இல் அறுநூறு பகுதிகளாக முடித்தார். அடுத்த நூலைத் தொடங்குமாறு சீடர் வேண்டியபோது, சில வரிகளைப் பெயர்த்துவிட்டுச் சுவடியை மூடி, தம் வலிமை தீர்ந்தது என்றார். 664-ஆம் ஆண்டு வசந்தத் தொடக்கத்தில் உடல் நீத்தார். அவர் பெயர்த்தவை எழுபத்தைந்து நூல்கள், பகுதிகள் 1,335.

நமக்குரியது

1200-ஆம் ஆண்டளவில் நாலந்தை அழிந்தது. அதன் பெயரும் மக்கள் நினைவினின்று மறைந்தது. 1861-62-இல் கன்னிங்ஹாம் என்பார் மண்மேடுகளிடையே அவ்விடத்தை உறுதி செய்தற்குத் துணையாயிருந்தது யுவான் சுவாங் எழுதிய நூல். 1957-இல் அவருடைய எலும்புத் தாது சீனத்திலிருந்து வந்து நம் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. காஞ்சித் தருமபாலர் எழுதிய விஞ்ஞப்தி மாத்திர உரையின் வடமொழி மூலம் இன்று இல்லை. அவர் கருத்துகளை முதன்மையாகக் கொண்டு 659-இல் யுவான் சுவாங் சீனத்தில் தொகுத்த நூல் இருக்கின்றது. அந்த இளைஞர் மணலிற் படுத்தே கிடந்திருந்தால், நம்மவர் ஒருவரின் பேரறிவும் மண்ணோடு மண்ணாகியிருக்கும். ஒருவர் கனவை நிறைவேற்றுதல் அவரோடு முடிவதன்று. எவர் எவர் பயன் பெறுவர் என்பதனைக் கண்டவரும் அறியார்.

அன்பர்களே! நம்முள் எவரும் பாலைவனத்தைக் கடக்க வேண்டியதில்லை. நம் கனவுகள் சிறியன. இரவுப் பாடசாலை ஒன்று, நூல்நிலையம் ஒன்று, பாலி மொழியில் நூறு சொற்கள். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்க. பிறர்க்குப் பயன்படுமா என்று முதலிற் பார்க்க. துன்பத்தைத் தாங்குவோமா என்று மனத்தைச் சோதிக்க. பின்னர் நாளைக் காலையில் செய்யவேண்டிய பகுதி இது என்று யுவான் சுவாங் செந்நிறக் குறியிட்டது போலக் குறித்துக்கொள்க. தளர்ந்து பத்து லி திரும்பி நடக்க நேரினும் அஞ்சற்க, அவரும் நடந்தார். நினைவு வந்த இடத்திலேயே மேற்கு நோக்கித் திரும்பினார்.

கரையில் நின்றபடி தாமரையை எதிர்நோக்குதல் வேண்டா. காலை எடுத்து வைப்போமாக.

யாவர்க்கும் மங்களம் உண்டாகுக.